கண்ணாடி ஹெட்லைட் மங்கினால் தேய்ப்பதா, மாற்றுவதா?

அம்பாசிடர், பத்மினி, மகிந்திரா ஜீப், பழைய மாருதி, புல்லட் என்று கண்ணாடி விளக்கு வைத்த வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ராத்திரிப் பயணம் முடிந்து வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "லைட்டு போட்ட மாதிரியே இல்லை." உடனே கண் போவது முன்னால் இருக்கும் கண்ணாடியின் மேல். அது மங்கித்தான் இருக்கும். இருபது முப்பது வருடம் மண்ணையும் கல்லையும் வாங்கிய கண்ணாடி வேறெப்படி இருக்கும்? கார் பாலிஷ் கடையில் கேட்டால் "ஹெட்லைட் ரெஸ்டோரேஷன் இருக்கு சார், அரை மணி நேர வேலை" என்பார்கள். அவர்கள் சொல்வது பிளாஸ்டிக் லென்ஸுக்கான வேலை. கண்ணாடிக்கு அது ஒன்றும் செய்யாது.

கண்ணாடிக்கு வேறு வழிகள் இருக்கின்றன. சுத்தம் செய்வது, சீரியம் ஆக்சைடு என்ற பாலிஷ் தூள் போட்டுத் தேய்ப்பது, கண்ணாடியும் உள்கிண்ணமும் சேர்ந்த விளக்கு யூனிட்டையே மாற்றுவது, எல்.ஈ.டி.க்குப் போவது, கண்ணாடியைத் தொடாமல் வயரிங்கைச் சரி செய்வது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேய்ப்பது கடைசி வழி. பெரும்பாலான பழைய வண்டிகளில் வெளிச்சம் தொலைந்த இடம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

முதலில் உங்கள் லென்ஸ் கண்ணாடிதானா என்று பாருங்கள். விரல் நகத்தால் தட்டினால் கண்ணாடி கணீரென்று கேட்கும், பிளாஸ்டிக் டொக்கென்று. வண்டி கண்ணாடி லென்ஸோடு வந்திருந்தாலும், இடையில் யாராவது மாற்றிய உதிரி பிளாஸ்டிக்காக இருக்கலாம். அதனால் தட்டிப் பார்ப்பதே நம்பகமானது. இன்னொரு அடையாளம் நிறம். கண்ணாடி வெயிலில் மஞ்சளாகாது. லென்ஸின் வெளிப்பக்கமே மஞ்சளாக இருந்தால் அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் என்றால் கதை சுருக்கமானது. கம்பெனியில் பூசி அனுப்பிய கடினப் பூச்சு வெயிலில் அழிந்து, அடியிலிருக்கும் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. 1000, 1500, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு வரிசையாகப் போட்டு, பாலிஷ் காம்பவுண்ட் ஏற்றி, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் டூ-கே கிளியர் (இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடிக்க வேண்டும். கிளியர் அடிக்காமல் பாலிஷோடு விட்டால் சில மாதத்தில் பழைய நிலைமைதான். டூத்பேஸ்ட்டும் அந்த ரகம்தான். இப்போது ஆன்லைனில் விற்கும் 'ஆவி பிடிக்கும்' கிட் கரைப்பான் ஆவியால் மேற்பரப்பை லேசாக உருக்கி மினுக்குகிறது. அந்த ஆவியைச் சுவாசிப்பது உடம்புக்குக் கேடு, பிளாஸ்டிக்கிலும் நாளடைவில் முடி போன்ற விரிசல் விழும். எனக்கு அது வேண்டாம்.

கண்ணாடிக்கு இந்த மருந்து எதுவும் ஏறாது, காரணம் கடினம். கடினத்தை ஒன்று முதல் பத்து வரை சொல்லும் மோஸ் அளவில் சாதாரணக் கண்ணாடி ஐந்தரையிலிருந்து ஆறு வரை. பல டூத்பேஸ்ட்டுகளில் இருக்கும் சுண்ணாம்புத் தூள் மூன்று. நாள் முழுக்கத் தேய்த்தாலும் கை வலிப்பதுதான் மிச்சம். ஆனால் நம் ரோட்டு மணலில் இருக்கும் குவார்ட்ஸ் ஏழு. அதனால்தான் லாரிக்குப் பின்னாலேயே ஓடிய வண்டிகளிலும், கடற்கரை ஓரத்து வண்டிகளிலும் கண்ணாடி பொடிப்பொடியாகக் கொத்துப்பட்டிருக்கும். வாட்டர் பேப்பரின் துகளும் கண்ணாடியை விடக் கடினமானதுதான். அதைக் கண்ணாடி மேல் போட்டால் கீறல் நன்றாகவே விழும், அதை எடுக்கத் தனியாக ஒரு நாள் வேண்டும். பிளாஸ்டிக் கிட்டை வாங்கிவந்து கண்ணாடியில் உப்புத்தாள் போட்டவர்கள் நல்ல கண்ணாடியைப் பால் கண்ணாடி ஆக்கியிருக்கிறார்கள்.

சரி, கண்ணாடிதான் என்று ஆகிவிட்டது. மங்கல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு குவளைத் தண்ணீரை லென்ஸ் மேல் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது கண்ணாடி தெளிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில். நுண்ணிய கீறல்களைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறுவது குறைகிறது, அவ்வளவுதான். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் கோளாறு உள்ளே. அடுத்து நகத்தை லென்ஸின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயும் தட்டாமல் வழுக்கினால் கீறல் மேலோட்டமானது. தட்டினால் ஆழம். கடைசியாக, பின்னாலிருந்து பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக உள்ளே பாருங்கள், செல்போன் டார்ச்சை முன்பக்கமிருந்து அடித்துக்கொண்டு. ரிஃப்ளெக்டர், அதாவது ஒளியைத் திருப்பி அனுப்பும் உள்கிண்ணம், எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்த மூன்றும் சேர்ந்து ஐந்து நிமிடம். இதைச் செய்யாமல் செலவு செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

வெளிப்பரப்பில் இருக்கும் மங்கலில் கணிசமான பகுதி தேய்மானமே இல்லை, படிவு. போர்வெல் தண்ணீரில் கழுவிக் கழுவி உப்பு ஏறியிருக்கும். வினிகரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் ஒட்டிவைத்துத் துடைத்தால் சுண்ணாம்பு உப்பு கரைந்து வந்துவிடும். ராத்திரி ஓட்டத்தில் அடித்த பூச்சி, தார்ப் புள்ளிக்கு மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத் தண்ணீர். நம் ஊர் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு: எதிரே வருபவர் கண் கூசக் கூடாதென்று லென்ஸில் அடித்த கறுப்பு பெயின்ட், அல்லது போலீஸ் நிறுத்தி ஒட்டிய கறுப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் போன பிறகும் அதன் பசை வட்டமாக நின்று தூசியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் இதற்குப் புது பிளேடு போதும். சோப்புத் தண்ணீர் தடவி, பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, ஒரே திசையில் தள்ளினால் பெயின்ட் சுருள் சுருளாக வரும். காய்ந்த கண்ணாடியில் பிளேடு போடாதீர்கள். இடையில் ஒரு மணல் துகள் மாட்டினால் நீளமாக ஒரு கோடு விழும். பிளாஸ்டிக்கில் இந்த வேலையே கூடாது.

வாட்டர் சர்வீஸ் கடைகளில் அலாய் வீலுக்குப் போடும் ஆசிட்டைக் கண்ணாடிக்குப் போட ஒத்துக்கொள்ளாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்திருக்கும். அது கண்ணாடியையே அரிக்கும், ஆளையும் அரிக்கும்.

கழுவித் துடைத்தும் வெளிச்சம் வரவில்லையா? இப்போதும் பாலிஷ் பக்கம் போக வேண்டாம், ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். பழைய யூனிட்டுகளில் ஒளியைத் திரட்டி முன்னால் அனுப்புவது அந்தக் கிண்ணம்தான். கண்ணாடியின் உட்புறத்தில் வார்த்திருக்கும் வரிகள் அதை ரோட்டில் பரப்பிவிடுகின்றன. கிண்ணத்தின் மேல் இருப்பது மைக்ரான் கணக்கில்கூட வராத மெல்லிய அலுமினியப் பூச்சு, மிகப் பழையவற்றில் வெள்ளி முலாம். பல்பின் பின்பக்கத்தை மூடும் ரப்பர் பூட் கிழிந்து ஈரம் புகுந்தால் அது கறுத்து, உரிந்து, திட்டுத்திட்டாகத் துருப்பிடித்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி பழுப்பேறியது போலத் தெரிவது பலமுறை இதனால்தான். துணியை விட்டுத் துடைக்க ஆசை வரும், வேண்டாம். பூச்சு துணியோடு வந்துவிடும். உள்ளே வெறும் தூசி என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, உள்ளே ஊற்றிக் குலுக்கி, மறுபடி வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, நிழலில் கவிழ்த்துக் காயவிடலாம். பூச்சு போன கிண்ணத்துக்கு வேக்கம் மெட்டலைசிங் (வெற்றிடத்தில் உலோகப் பூச்சு ஏற்றுவது) செய்யும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் கண்ணாடியைக் கிண்ணத்திலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும், பழைய ஒட்டு சும்மா விடாது.

அப்புறம் மின்சாரம். இதைத்தான் மிகக் குறைவான பேர் பார்க்கிறார்கள், இதில்தான் மிகக் குறைந்த செலவில் மிக அதிக வெளிச்சம் திரும்பக் கிடைக்கிறது. எச்-4 வகை ஹாலோஜன் பல்பு 60/55 வாட், ஹை பீமில் 60, லோ பீமில் 55. ஹை பீமில் இரண்டும் சேர்ந்து 120 வாட், அதாவது சுமார் பத்து ஆம்பியர். பழைய வண்டிகளில் அந்தக் கரன்ட் முழுதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவும், ஜீப்பில் காலால் அமுக்கும் டிப் சுவிட்ச் வழியாகவும், நாள்பட்ட வயர் வழியாகவும் போய்த்தான் பல்பைச் சேரும். வழியில் ஒவ்வொரு முனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் இறங்கும். ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாக விழுகிறது. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஒருமுறை, லைட் எரியும்போது பல்பின் பின்முனையில் ஒருமுறை மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டு ரிலே (பழைய சுவிட்ச் தூண்டியதும் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்குக் கரன்ட் விடும் சின்ன சுவிட்ச்), தடிமனான புது வயர், பாடியில் சுரண்டித் துடைத்த நல்ல எர்த். எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் ஒரு மதியத்தில் முடித்துத் தருவார். எந்தப் பாலிஷும் இந்த அளவுக்கு வெளிச்சத்தைக் கொண்டுவராது. பல்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கண்ணாடிக் குமிழின் உட்புறம் கருமை படிந்திருந்தால் அதன் காலம் முடிந்தது.

இத்தனைக்கும் பிறகு கண்ணாடிதான் குற்றவாளி என்று உறுதியானால், தேய்ப்பதா மாற்றுவதா என்ற கேள்விக்கு வரலாம்.

தேய்க்கும் பொருள் சீரியம் ஆக்சைடு. மூக்குக்கண்ணாடி, கேமரா லென்ஸ் தயாரிப்பவர்கள் பயன்படுத்துவதுதான். பாலிஷுக்கு விற்கும் தூள் பெரும்பாலும் வெளிர் ரோஸ் நிறத்தில் இருக்கும். இது வெறுமனே சுரண்டுவதில்லை. தண்ணீர் சேர்ந்ததும் கண்ணாடியின் மேல்தோலோடு வேதிவினை புரிந்து அதை இளக்கி எடுக்கிறது. அதனால் தண்ணீர் இல்லாமல் இந்த வேலை நடக்காது. தூளைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு, ட்ரில் மெஷினில் மாட்டிய ஃபெல்ட் பேடால் மெதுவான சுற்றில் ஓட்ட வேண்டும். ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் போவது. கண்ணாடி ஓரிடத்தில் சூடேறிச் சட்டென்று விரியும். கையை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. குழம்பு காய்ந்து பேட் இழுக்கத் தொடங்கினால் நிறுத்தித் தண்ணீர் தெளியுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

பொறுமை வேண்டும். துணி தேய்த்த கீறல், மணல் உரசிய மெல்லிய மங்கல் இவையே ஒரு கையகல இடத்துக்கு அரை மணி நேரம் கேட்கும். போகிறதா இல்லையா என்பதே முதலில் தெரியாது. கழுவித் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தால்தான் தேய்த்த பக்கமும் தேய்க்காத பக்கமும் பிரிந்து தெரியும். லென்ஸின் வரிகள் உட்புறத்தில் இருப்பதால் வெளிப்புறத்தை இந்த அளவுக்கு மினுக்குவது பீமின் வடிவத்தைக் கெடுக்காது.

ஆனால் கல் கொத்திய குழிகள் வேறு. அம்மி கொத்தினாற்போல முகம் முழுக்கப் புள்ளி விழுந்த கண்ணாடியைச் சீரியத்தால் காப்பாற்ற முடியாது. குழியின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருக்கும் கண்ணாடி மொத்தத்தையும் இறக்கினால்தான் குழி மறையும். அதற்கு முதலில் வைரப் பேஸ்ட் போட வேண்டும், அது விட்ட கீறலை எடுக்க சீரியம் போட வேண்டும், முடிவில் பரப்பு அலையலையாகி ஒளி கண்ட இடத்தில் வளையும். பெரியதாக ஓரிரண்டு நட்சத்திரக் கொத்து மட்டும் என்றால் விண்ட்ஷீல்டுக்குப் போடும் ரெசினை நிரப்பிப் பார்க்கலாம். பொடிக் குழிகளுக்கு அதுவும் ஆகாது.

மாற்றும் பக்கம் பார்த்தால், பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அமெரிக்காவில் 1940-இல் கார்களுக்கு 7 அங்குல வட்ட விளக்கு என்று ஒரே அளவை நிலைநிறுத்தினார்கள். அந்த அளவு உலகம் முழுக்கப் பரவி, அம்பாசிடரிலும் ஜீப்பிலும் புல்லட்டிலும் வந்து உட்கார்ந்தது. அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றுபோனாலும் அதற்குப் பொருந்தும் விளக்கு இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டால் எச்-4 பல்பு போடும் 7 அங்குலக் கண்ணாடி யூனிட் கிடைக்கும். கழற்றிய பழைய சரக்கு வேண்டுமென்றால் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம். கண்ணாடி, ரிஃப்ளெக்டர் இரண்டும் ஒட்டியே வருவதால் ஒரே மாற்றில் இரண்டு கோளாறும் தீர்கிறது. கூலி கொடுத்து இரண்டு கண்ணாடியைச் சீரியத்தில் தேய்த்து எடுப்பதற்கும் இதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. தேய்த்த பிறகும் உள்ளே இருப்பது அதே கறுத்த கிண்ணம்தான் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

வாங்கும்போது கண்ணாடியில் வார்த்த குறிகளைப் பாருங்கள். ஐரோப்பிய முறைப்படி வந்த யூனிட் என்றால், இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானதில் ஒரு அம்புக்குறி இருக்கும். விளக்கை எதிரே நின்று பார்த்தால் அது உங்கள் வலப்பக்கம் காட்டும். இரண்டு முனையிலும் அம்பு இருந்தால் இரண்டு விதத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். அம்பே இல்லையென்றால் அது வலப்பக்கம் ஓட்டும் நாட்டுச் சரக்கு: லோ பீமில் ரோட்டோரத்தைக் காட்ட மேலே ஏறும் ஒளி, நம் ஊரில் எதிரே வருபவர் கண்ணில் போய் விழும். மலிவு விலை இறக்குமதியில் இது அடிக்கடி மாட்டும். ரிஃப்ளெக்டரைச் சாய்த்துப் பார்த்து, நெளிவு இல்லாததாக எடுங்கள். எடையையும் கையில் தூக்கிப் பாருங்கள், தகரம் மெலிந்தது தெரிந்துவிடும்.

7 அங்குலத்துக்குள் வராத வண்டிகளுக்குத்தான் கஷ்டம். சதுர விளக்கு வைத்த பழைய மாடல்களுக்குக் கம்பெனிச் சரக்கு தீர்ந்துபோய், கிடைக்கும் மாற்று உதிரியில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் இருக்கும், வரிகளும் அச்சு மழுங்கியிருக்கும். அங்கே பழைய கண்ணாடியைத் தேய்த்துக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

எல்.ஈ.டி. யூனிட்டைப் பற்றிக் கேட்பார்கள். வெளிச்சம் அதிகம், கரன்ட் குறைவு, வயரிங்கைத் தொடாமலே தப்பிக்கலாம். ஆனால் கடையில் தொங்கும் மலிவான 7 அங்குல எல்.ஈ.டி.களில் பல, லோ பீமிலேயே எதிரே வருபவரைக் குருடாக்குபவை. பழைய கண்ணாடி யூனிட்டுக்குள் எல்.ஈ.டி. பல்பை மட்டும் செருகுவது அதைவிட மோசம். அந்தக் கிண்ணமும் வரிகளும் இழை எரியும் இடத்துக்கென்று கணக்குப் போட்டவை. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி. காட்டும்போதும் கேள்வி வரலாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஜீப் ஓட்டுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பனிமூட்டத்தில் அந்த வெள்ளை ஒளி வெள்ளைச் சுவராக எதிரே நிற்பதைச் சொல்வார்கள்.

ஆக, தினமும் ஓடும் அம்பாசிடர், ஜீப், புல்லட் என்றால் என் தேர்வு ரிலே வயரிங் முதலில், புது எச்-4 யூனிட் அடுத்து. சீரியம் தேவையே இல்லை. நடுவில் லூகாஸ் என்று பழைய விளக்குக் கம்பெனியின் பெயர் வார்த்த அசல் கண்ணாடி இன்னும் இருக்கும் வண்டி, கண்காட்சிக்குப் போகும் வண்டி, உதிரி கிடைக்காத மாடல் இவற்றில் மட்டும் தேய்க்கலாம், அதுவும் நகம் தட்டாத கீறலாக இருந்தால். குழி விழுந்த அசல் கண்ணாடியைத் தேய்த்து ஒல்லியாக்குவதற்குப் பதில் துணி சுற்றிப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, ஓட்டுவதற்குப் புதியதைப் போட்டுக்கொள்வேன். மாருதி போன்ற சதுர விளக்கு வண்டிக்குச் சுத்தம், வயரிங், பிறகு தேவைப்பட்டால் சீரியம் என்ற வரிசை.

யூனிட்டை மாற்றுவதானாலும், கழற்றித் தேய்ப்பதானாலும் ஒன்றைக் கவனியுங்கள். கழற்றும் முன் சமதரையில், சுவருக்கு 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, லோ பீம் போட்டு, வெளிச்சத்தின் மேல்விளிம்பு விழும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முன்வளையத்தைக் கழற்றினால் யூனிட்டைப் பிடித்திருக்கும் உள்வளையமும் அதன் சின்ன ஸ்க்ரூக்களும் தெரியும். அவற்றை மட்டும் தொடுங்கள். மேலேயும் பக்கவாட்டிலும் ஸ்பிரிங்கோடு நிற்கும் நீள ஸ்க்ரூக்கள் ஃபோகஸுக்கானவை, கை வைத்தால் பீம் மரத்து உச்சிக்குப் போய்விடும். திரும்ப மாட்டிய பிறகு வண்டியை அதே இடத்தில் நிறுத்தி, கோட்டோடு ஒப்பிடுங்கள். புது யூனிட்டில் விளிம்பு கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் அப்போது அந்த ஸ்க்ரூவைத் திருகலாம், அதுவும் கால் சுற்றாக.